பிலிமைக் காட்டுங்க, கேப்டன் சார்

அந்த மின்னஞ்சலில் மொத்தம் நாலே வாக்கியம். விண்ணப்பித்ததற்கு நன்றி. கவனமாகப் பரிசீலித்தோம். இம்முறை உங்களைத் தேர்வு செய்ய இயலவில்லை. 12 மாதங்கள் கழித்து மீண்டும் விண்ணப்பிக்கலாம். அடியில் பொடி எழுத்தில், இந்த முகவரிக்குப் பதில் அனுப்ப வேண்டாம் என்று ஒரு குறிப்பு. நான் அனுப்பினேன். 'ஏன்?' என்ற ஒரே சொல்லைத்தான் அனுப்பினேன். டீ ஆறுவதற்குள் திரும்பி வந்துவிட்டது, அப்படி ஒரு பெட்டியே இல்லை என்று.

கேப்டன் சார், உங்களுக்கு என் முகம் நினைவிருக்காது. அன்றைக்கு மட்டும் ஆறு பேரைப் பார்த்தீர்கள். நான் மூன்றாவது ஜோடியில் இடப்பக்க சீட். சிமுலேட்டருக்குள் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, மடியில் கிளிப்போர்டை வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டே இருந்தீர்கள். என்ன எழுதினீர்கள் என்பதுதான் இந்த ஆறு மாதமாக என் கேள்வி. எனக்கு வேலை கொடுங்கள் என்றுகூடக் கேட்கவில்லை. என்ன எழுதினீர்கள்?

தோற்றவன் புலம்புகிறான் என்று நினைக்கலாம். தோற்பது எனக்குப் புதிதில்லை. விமானி லைசென்சுக்கான டி.ஜி.சி.ஏ. பரீட்சையில் 70 எடுத்தால்தான் பாஸ். ஏர் நேவிகேஷனில் 66 எடுத்து மறுபடி எழுதியவன் நான். ரேடியோ லைசென்ஸ் வாய்மொழித் தேர்வில் ஒருமுறை திருப்பி அனுப்பப்பட்டவன். அதற்கெல்லாம் அழுததில்லை. 66 என்றால் 66. நாலு மார்க் எங்கே போனது என்று தேடினேன், காற்றுமுக்கோணக் கணக்கில் போயிருந்தது, உட்கார்ந்து நூறு கணக்குப் போட்டேன், முடிந்தது. இந்த மின்னஞ்சலில் தேடுவதற்கு என்ன இருக்கிறது?

அப்பா திருச்சி பெல் (BHEL) ஆலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஹை பிரஷர் பாய்லர் டியூப் வெல்டிங்கில் 34 வருடம். மின்னஞ்சல் வந்த அன்று அவரிடம் சொன்னேன். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"பிலிம் காட்டினாங்களா?"

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவர் தொழிலில் ஒவ்வொரு ஜாயின்ட் பக்கத்திலும் வெல்டரின் நம்பரைக் குத்தி வைத்திருப்பார்கள். வெல்டிங் முடிந்ததும் எக்ஸ்ரே எடுப்பார்கள். வெளியே பார்த்தால் கண்ணாடி மாதிரி இருக்கும் ஜாயின்டுக்குள் கடுகளவு காற்றுக்குமிழி இருக்கலாம், கசடு சிக்கியிருக்கலாம், உலோகம் சரியாக உருகி ஒட்டாமல் இருக்கலாம். பிலிமை விளக்குப் பெட்டியில் மாட்டிப் பார்ப்பார்கள். ரிஜெக்ட் என்றால், டியூபில் எந்த இடம் என்று அளந்து கலர் மார்க் போட்டு, வெல்டரைக் கூப்பிட்டு பிலிமைக் காட்டுவார்கள். இந்தா, இந்தக் கறுப்புப் புள்ளி, இதுதான் உன் தப்பு. அந்த இடத்தை மட்டும் கிரைண்டிங் போட்டுத் தோண்டி, மறுபடி வெல்டிங் வைத்து, மறுபடி எக்ஸ்ரே.

"எத்தனையோ தடவ என் ஜாயின்ட்டு ரிஜெக்ட் ஆயிருக்குடா. எங்கனு காட்டாம ஒருநாளும் ரிஜெக்ட் பண்ணினதில்ல" என்றார். சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டார். வெகுநேரம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

அந்த 34 வருடத்தின் பி.எஃபும் கிராஜுவிட்டியும்தான் என் 200 மணி நேரம். லைசென்சுக்கு அவ்வளவு மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி தனியாக, நானே பொறுப்பாக. பதினெட்டு மாதத்தில் முடித்துவிடலாம் என்று சொன்ன பயிற்சிப் பள்ளியில் இரண்டே முக்கால் வருடம் ஆனது. விமானம் இருந்தால் இன்ஸ்ட்ரக்டர் இல்லை, அவர் வந்தால் மழை, மழை விட்டால் விமானம் பராமரிப்பில். அந்தக் கதையைத் தனியாகத்தான் எழுத வேண்டும். அம்மா வழியில் வந்த முக்கால் ஏக்கர் மணிகண்டம் பக்கம் இருந்தது, அது ஏர்பஸ் 320 டைப் ரேட்டிங்குக்குப் போனது. வருடா வருடம் கிளாஸ் ஒன் மெடிக்கல், ஐ.ஆர். செக், மணிக்கு இவ்வளவு என்று சிமுலேட்டர் பயிற்சி. கை ஓய்ந்தால் பறப்பது மறந்துபோகும், அதனால் வேலை இல்லாதவன்தான் இந்தத் தொழிலில் அதிகம் செலவு செய்கிறான். கடைசியாக உங்கள் நிறுவனத்தின் தேர்வுக் கட்டணம். திருப்பித் தரப்படாது என்று அதில் மட்டும் தெளிவாகப் போட்டிருந்தீர்கள்.

வரும் வருடங்களில் நாட்டுக்கு 30,000 பைலட்டுகள் வேண்டும் என்று அமைச்சர் சொன்னார். 2023-ல் ஒரு நிறுவனம் 470 விமானத்துக்கும் இன்னொன்று 500 விமானத்துக்கும் ஆர்டர் கொடுத்தன. பேப்பரில் அதைப் படித்துவிட்டுத் தெருவில் ஆளாளுக்கு வந்து கைகுலுக்கினார்கள். நிறுவனங்கள் வலைபோட்டுத் தேடுவது ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்த கேப்டன்களை. 200 மணி நேரக்காரன் வாசலிலேயே கிடக்கிறான் என்பதை அவர்களுக்கு நான் எப்படி விளக்குவேன்? அதே 2023-ல் 1,622 பேருக்குப் புதிதாக லைசென்ஸ் கொடுத்தார்கள். மே மாதம் கோ ஃபர்ஸ்ட் விமான நிறுவனம் நின்றுபோனது. அனுபவசாலிகள் நூற்றுக்கணக்கில் எங்களுக்கு முன்னால் வந்து வரிசையில் நின்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? அவர்களுக்கும் வீட்டுக்கடன் இருக்கிறது.

சரி, சிமுலேட்டருக்கு வருகிறேன். எழுத்துத் தேர்வைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, படித்தவன் எழுதுவான். மனப்பாங்குத் தேர்வில் நூற்றுக்கணக்கான வாக்கியங்கள், ஒரே கேள்வியை மூன்று வேஷத்தில் கேட்பார்கள். 'எனக்குக் கோபமே வராது' என்ற இடத்தில் 'சில நேரம் வரும்' என்று உண்மையைத் தட்டினேன். அதுதான் தப்போ என்னவோ. இதைப் படித்தால் உறுதியாகிவிடும்.

விடிகாலை ஐந்தரை மணி ஸ்லாட். ஆட்டோ பைலட் கிடையாது, ஃப்ளைட் டைரக்டர் கிடையாது, வெறும் கருவிகளைப் பார்த்தே ஓட்டும் ரா டேட்டா. என்னோடு ஜோடி சேர்த்த பையனை அன்றுதான் முதல்முறை பார்க்கிறேன். நல்ல பையன். அவன் மீது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நீங்கள் ஏ.டி.சி. மாதிரிப் பின்னாலிருந்து பேசினீர்கள்: 4,000 அடிக்கு இறங்கு. அவன் 4,000 என்று சரியாகத்தான் திருப்பிச் சொன்னான். கை மட்டும் உயரத்தைக் குறிக்கும் குமிழை 3,000-க்குத் திருப்பியது. என் திரையில் உயர அளவுகோலின் அடியில் நீல நிறத்தில் 3,000 என்று வந்து நின்றது. அந்த மூன்று விநாடியை நான் எத்தனை முறை ஓட்டிப் பார்த்திருப்பேன் சார்! 'ஆல்டிட்யூட் தப்பு, 4,000 வை' என்று வாய் திறந்து சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. கையை நீட்டி நானே திருப்பிவிட்டேன். கையால் ஓட்டிக்கொண்டிருப்பவன் அந்தக் குமிழைத் தொடக்கூடாது, பக்கத்தில் இருப்பவனிடம் சொல்லித்தான் மாற்ற வேண்டும். தெரியும். தெரிந்தும் அவனை உங்கள் முன்னால் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை. அந்த நேரத்தில் உங்கள் பேனா தாளில் உரசும் சத்தம் எனக்குக் கேட்டது.

அதுதானா?

இல்லை, அறுநூறு அடி உயரத்தில் கிளைட்ஸ்லோப் அரைப் புள்ளி கீழே போனதே, அதுவா? உடனே பிடித்துவிட்டேன், நடுக்கோட்டில்தான் இறக்கினேன். இரண்டாவது அப்ரோச்சில், இறங்காமல் மறுபடி மேலேறும் கோ-அரவுண்ட் சொன்னபோது என் குரல் உடைந்ததா? அல்லது சிமுலேட்டரில் எல்லாமே சரியாக இருந்து, மறுநாள் நேர்காணலில் போனதா?

நேர்காணலில் மேஜைக்கு அந்தப் பக்கம் நாலு பேர். அப்பா என்ன செய்கிறார் என்று ஒருவர் கேட்டார். ரிட்டயர்டு வெல்டர் என்றேன். "அப்புறம் எப்படிப் பணம் கட்டினீங்க?" என்றார். ஏர்பஸ்ஸின் மூன்று ஹைட்ராலிக் சிஸ்டம் பற்றிக் கேட்டால் படம் போட்டே சொல்லியிருப்பேன். இதற்குத் தயாராகப் போகவில்லை. பி.எஃப்., கிராஜுவிட்டி, நிலம் என்று ஒப்பித்தேன். கடன் கேட்டு பேங்க் மேனேஜர் முன்னால் நிற்பவன் குரலில் ஒப்பித்தேன். "ரொம்ப ரிஸ்க் எடுத்திருக்கார்" என்று அவர் தலையை ஆட்டிவிட்டு எதையோ எழுதினார். அங்கேயும் ஒரு பேனா. என்னோடு வந்த ஜோடிப் பையனின் அப்பா விமானத் துறையிலேயே இருக்கிறவர். அவனிடம் எப்படிப் பணம் கட்டினாய் என்று கேட்டிருக்க மாட்டார்கள். அவன் தேர்வாகிவிட்டான். அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட எனக்கு இஷ்டமில்லை. ஆனால் காரணம் சொல்லாமல் கதவைச் சாத்தினால், வெளியே நிற்பவன் ராத்திரி முழுக்க முடிச்சுதான் போட்டுக்கொண்டிருப்பான். என்னை அந்த மாதிரி மனிதனாக ஆக்கிவிட்டீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சிமுலேட்டர் படியிலிருந்து இறங்கும்போது உங்களிடம் கேட்டேன்: "சார், ஏதாவது சொல்லுங்க." "ஹெச்.ஆர். சொல்வாங்க" என்றீர்கள். ஹெச்.ஆருக்குப் போன் போட்டால், "முடிவு ஃப்ளைட் ஆபரேஷன்ஸ் எடுக்கறது, எங்களுக்கே தெரியாது சார்" என்றது ஒரு பெண்குரல். ஃப்ளைட் ஆபரேஷன்ஸ் எண்ணைக் கேட்டேன். கொடுக்க அனுமதி இல்லையாம்.

எனக்குப் பறக்கச் சொல்லிக்கொடுத்தவர் இப்படி இல்லை. விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்ற மனிதர், வாயைத் திறந்தால் ஏச்சுதான். ஒவ்வொரு முறை இறங்கியதும் ஹேங்கர் பக்கத்து வேப்பமரத்தடியில் நிற்கவைத்து, சாக்பீஸால் தரையில் ஓடுபாதையை வரைவார். முதல் தனிப்பறப்புக்கு என்னை மூன்று முறை விட மறுத்தார். மூன்று முறையும் காரணம் சொன்னார். மூன்றாவது முறை சொன்னது: "உன் கண்ணு ஓடுபாதை ஆரம்பத்துலயே ஒட்டிக்கிட்டு நிக்குது. தரை நெருங்கினதும் தூரத்து முனையைப் பாரு, கை தானா சரியாயிடும்." மறுநாள் தூரத்து முனையைப் பார்த்தேன். செஸ்னா பூ மாதிரி உட்கார்ந்தது. அன்று சாயங்காலமே என்னைத் தனியாக விட்டார். இறங்கி வந்ததும் தலையில் ஒரு வாளித் தண்ணீர்.

பறந்து முடித்ததும் தப்பைப் பேசுவதற்கு இந்தத் தொழிலில் டீப்ரீஃப் என்று பெயரே வைத்திருக்கிறோம். நீங்களும் நாற்பது வயதுக்குமேலும் ஒவ்வொரு செக்கிலும் அதில் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறவர்தானே? 2010 மே 22 அன்று மங்களூரில் டேபிள்டாப் ஓடுபாதையைத் தாண்டி விமானம் விழுந்து 158 பேர் இறந்தார்கள். கேப்டன் இறந்துபோனார், துணை விமானியும் இறந்துபோனார். ஆனாலும் விசாரணை அறிக்கை வந்தது. கேப்டன் பயணத்தில் வெகுநேரம் தூங்கியதை, குறட்டைச் சத்தம் ரெக்கார்டரில் பதிவானதை, துணை விமானி மூன்று முறை கோ-அரவுண்ட் சொன்னதை, எல்லாவற்றையும் எழுதினார்கள். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நானும் படித்தேன், பரீட்சைக்காக இல்லை, அந்தத் துணை விமானிக்காக. இறந்தவர்களின் தவற்றைக்கூடப் பக்கம் பக்கமாக எழுதி வெளியிடுகிற தொழில் இது. உயிரோடு வாசலில் நிற்கிறவனிடம் ஒரு வரி சொல்வதற்கு உங்களுக்கு என்ன தடை?

ஒருவேளை நான் குமிழைத் திருப்பிய கையும், சொல்லாமல் விட்ட வாயும்தான் என் குறை என்றால், அது சின்னக் குறை இல்லை சார். ஒத்துக்கொள்கிறேன். வாய் திறக்காத துணை விமானியைப் பின்னால் 180 பேர் உட்கார்ந்திருக்கிற விமானத்தில் நானே ஏற்றமாட்டேன். அப்படியென்றால் என்னிடம் அதைச் சொல்ல வேண்டாமா? சொன்னால் திருத்திக்கொள்வேன். சொல்லாவிட்டால், நாளைக்கு வேறொரு நிறுவனம் என்னை எடுத்துக்கொண்டால், அதே வாயோடு, அதே கையோடுதான் போய் உட்காருவேன். அந்த 180 பேருக்கு நீங்கள் செய்வது என்ன நியாயம்?

மின்னஞ்சல் வந்த மூன்றாம் நாள் ஆயுதபூஜை. 2024 அக்டோபர் 11, வெள்ளிக்கிழமை. அப்பா தன் பழைய வெல்டிங் ஷீல்டு, ஹோல்டர், சிப்பிங் சுத்தியல் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் வைத்தார். அம்மா என்னைக் கேட்காமலே என் ஹெட்செட்டையும் லாக்புக்கையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துக் குங்குமம் இட்டாள். காது மூடுகிற ரப்பர் மெத்தையில் இன்னும் அந்தச் சிவப்பு போகவில்லை.

சாயங்காலம் தெருவே மொட்டைமாடியில் நின்றது. ஷார்ஜாவுக்குக் கிளம்பிய போயிங் 737, ஹைட்ராலிக் கோளாறாம், திருச்சி வானத்திலேயே சுற்றுகிறதாம். உள்ளே 140 பேருக்கு மேல். காட்டூர் பக்கம் ஆளாளுக்கு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிவியில் ஒவ்வொரு சேனலும் ஒவ்வொன்று சொன்னது. எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள், தெருவுக்கு நான்தானே 'பைலட் தம்பி'. ஏன் இறங்காமல் சுற்றுகிறார்கள் என்று கேட்டார்கள். டேங்க் நிறைய எரிபொருளோடு இறங்கினால் கனம் அதிகம், 737-ல் வானத்திலேயே எரிபொருளைக் கொட்டிவிடும் வசதி கிடையாது, சுற்றிச் சுற்றி எரித்துத்தான் தீர்க்க வேண்டும், பயப்படாதீர்கள், இதற்கெல்லாம் பயிற்சி உண்டு என்று சொன்னேன். குரல் நன்றாகத்தான் இருந்தது. கையை மட்டும் கைலி மடிப்புக்குள் வைத்துக்கொண்டேன். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் அங்கே இரண்டு பேர் தங்கள் வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். நான் எங்கள் வீட்டு மாடியில், வடாம் காயப்போடுகிற இடத்தில் நின்று அந்த வேலைக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

எதிர்வீட்டு ஆயா கேட்டது: "ஏந்தம்பி, இவ்ளோ தெரிஞ்சிருக்கே, உன்னைய ஏன் இன்னும் கூப்புடல?"

எட்டேகாலுக்கு விமானம் பத்திரமாக இறங்கிவிட்டது என்று செய்தி வந்தது. யாரோ சூடம் ஏற்றினார்கள். பொரிகடலை கைமாறியது. ஆயா பதிலுக்குக் காத்திருக்கவில்லை, நல்லவேளை. காத்திருந்தால் என்ன சொல்வேன்? தெரியாது ஆயா, சொல்ல மாட்டேங்கறாங்க என்றா?

12 மாதம் கழித்து வரச் சொல்கிறீர்கள். எதைத் திருத்திக்கொண்டு வர? வாயையா, கையையா, கண்ணையா, கோபத்தையா, அப்பாவின் தொழிலையா? இதில் ஒன்றை மட்டும் நான் எந்தக் காலத்திலும் திருத்த மாட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் அப்பா ஒரு யோசனை சொன்னார். மெயில் எல்லாம் வேண்டாம், கையால் எழுதிப் பதிவுத் தபாலில் போடு, கையெழுத்துப் போட்டு வாங்கினால் பதில் சொல்லித்தான் ஆகணும் என்றார். அவர் காலத்து நம்பிக்கை. எழுதினேன். தேதி, ஸ்லாட் நேரம், சீட், எல்லாம் குறிப்பிட்டு, என் மதிப்பீட்டுத் தாளின் நகலைக் கேட்டிருந்தேன். திருவெறும்பூர் போஸ்ட் ஆபீசில் ஒப்புகை அட்டையோடு பதிவு செய்தார் அப்பா, வரிசையில் அவரே நின்று.

பதினோராம் நாள் அட்டை மட்டும் திரும்பி வந்தது. வட்ட முத்திரை, கிறுக்கலாக ஒரு கையெழுத்து, தேதி. கடிதம் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதற்குப் பிறகு மூன்று வாரமாக எதுவும் இல்லை.

நேற்று ராத்திரி கரண்ட் போய் வந்த பிறகு கூடத்தில் பார்த்தேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்த அட்டையை இரண்டு விரலால் ஓரத்தில் பிடித்து ட்யூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் ரேகை படாமல், பிலிமைப் பிடிக்கிற மாதிரியே. இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார்.

"ஒண்ணும் தெரியலியேடா" என்றார்.